வாடிக்குப் போகும் லாண்ட்மாஸ்டர் பெட்டி: பல போகம் இழுத்த அனுபவம்

பெரும்போகம் தொடங்கினால் எங்கள் வீட்டுச் சாமானில் பாதி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் வாடிக்கு, அதாவது வயல் குடிலுக்குப் போய்விடும். விதைநெல், யூரியா மூட்டை, தண்ணீர்ப் பம்ப், சட்டி பானை, பாய். இவற்றோடு கடைக்கும் வாய்க்காலுக்கும் ஓடித் திரிய ஒரு மோட்டார் சைக்கிள். அத்தனையையும் இழுப்பது லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினும் பின்னால் பூட்டிய ஒற்றை அச்சுப் பெட்டியும்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றி இறக்கும் தொல்லை போய்விட்டது.

மெசினில் பெரிய குறை இல்லை. டீசல் கொஞ்சமாகத்தான் குடிக்கும், கரடுமுரடான வரம்போரப் பாதையிலும் போகும். நீண்ட தூரம் ஓடினால் கை விறைக்கும், மழையில் பெல்ட் வழுக்கும். அதெல்லாம் பழகிவிடும். பழகாமல் கவனிக்க வேண்டியது சுமை.

அமெரிக்காவில் டோய் ஹோலர் என்றொரு பெட்டி உண்டு. முன்னால் படுக்கை, சமையலறை. பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம். அவ்வகை இழுவைப் பெட்டிகளில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொளுவியில், அதாவது பெட்டியை வண்டியோடு பூட்டும் இடத்தில், இறங்க வேண்டும் என்பார்கள். பாரம் பின்னால் கூடினால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். எங்கள் பெட்டி மெதுவாகப் போவதால் அவ்வளவு ஆடாது. ஆனால் பின்பாரம் கொளுவியை மேலே தூக்கும். சில்லு பிடிமானம் இழந்து மணலில் சும்மா சுற்றும். முன்பாரம் மிஞ்சினாலும் வில்லங்கம்தான், ஏற்றத்தில் எஞ்சின் மூக்கு எழும்பப் பார்க்கும்.

அதனால் மோட்டார் சைக்கிளை முதலில் ஏற்றி, முன்சில்லை முன்பலகையில் முட்டவைத்து, ஹாண்டிலின் இரு பக்கமும் கயிறு போட்டு முன்ஃபோர்க் சற்று அமுங்கும்வரை இழுத்துக் கட்டுவேன். மூட்டைகள் அச்சுக்கு மேல். பாயும் சட்டியும் பின்னால். திரும்பும்போது மூட்டை இருக்காது, மோட்டார் சைக்கிள் மட்டும் இருக்கும். போகும்போது சரியாக இருந்த கட்டு வரும்போது சரியாக இருக்காது. அதை மறுபடி பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இறக்கம்தான் இந்த மெசினின் உண்மையான சோதனை. ஹாண்டிலில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கைக்கிளச் உண்டு, பிடித்தால் அந்தச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும். சமதரையில் இடது கைக்கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளும். அப்போது இடதைப் பிடித்தால் இடச்சில்லு விடுபட்டு ஓட, வலச்சில்லை மட்டும் எஞ்சின் பிடித்து நிறுத்தும். மெசின் வலப்பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டுபவனுக்குத் தலைகீழான அனுபவம். பக்கத்து வயல் பெரியப்பா எவன் ஓட்டப் பழகினாலும் முதலில் சொல்வது இதுதான்: “மனே, இறக்கத்துல கைக்கிளச்சத் தொட்றாத.” இறங்குமுன்பே கியரைக் குறைத்து, திறொட்டிலைத் தணித்து, ஹாண்டிலை உடம்பால் திருப்பி, பெட்டியின் கால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் கெட்டித்தனம் வேண்டவே வேண்டாம். வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் பிரேக் நனைந்திருக்கும். கொஞ்சத் தூரம் மெல்ல அழுத்தியபடியே ஓடினால் காய்ந்துவிடும்.

கொளுவி ஊசிக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் செருகிக்கொண்டு வீதியில் வருபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கீழே கிளிப் உள்ள ஊசிக்கு அப்படி என்ன விலை? நான் வெல்டிங் கடையில் ஒரு சங்கிலியும் போட்டுக்கொண்டேன், ஊசி கழன்றாலும் பெட்டி தனியே ஓடாது. பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். ஆனாலும் இருட்டில் ஓடுவதில்லை. மாடு வீதியில் படுத்திருக்கும், உள்ளே போகப் போக யானையும் நிற்கும்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் பெயின்டை விட்டுவிட்டு ஊசித் துளையைப் பாருங்கள். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் டக் டக் என்று இடிக்கும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கக்கூடும். பலகை உக்கியிருந்தால் பரவாயில்லை, அதை மாற்றுவது ஒருநாள் வேலை.