ஒரு நடையின் வேர் தேடி: டி.டபிள்யூ.டி.எஸ். இணைய அகராதி

ஓர் அகராதியைச் சோதிக்க அரிய சொல் தேவையில்லை என்பதால், ஜெர்மன் கற்பவர்கள் தொடக்கப் பாடங்களிலேயே சந்திக்கும், உலாவப் போவதைக் குறிக்கும் ‘ஷ்பட்சீர்காங்’ என்ற கூட்டுச்சொல்லையே பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் டி.டபிள்யூ.டி.எஸ். தளத்தில் தேடினேன். கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை.

இதன் சொற்பிறப்பு விளக்கங்கள், வோல்ஃப்காங் ஃபைஃபர் தலைமையில் உருவாகி 1989-இல் கிழக்கு பெர்லினில் வெளிவந்த அகராதியிலிருந்து பெறப்பட்டவை. வெளி, தொலைவு என்று பொருள்படும் ‘ஸ்பாட்டியும்’ என்ற லத்தீன் பெயர்ச்சொல்லிலிருந்து உலவுதலைக் குறிக்கும் வினை பிறந்து, அது இத்தாலியத்தில் ‘ஸ்பத்சியாரே’ ஆகி, 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மனுக்குள் நுழைந்தது. ஆங்கிலத்தின் ‘ஸ்பேஸ்’ இதற்கு உறவு. நடையைக் குறிக்கும் ‘காங்’ மட்டுமே சொந்தச் சொல். நம் ‘ரயிலடி’யைப் போல, வந்த சொல்லும் இருந்த சொல்லும் கைகோத்த கூட்டு இது. போதலைக் குறிக்கும் ‘கேயன்’ வினையின் இறந்தகாலம் ‘கிங்’ என்று ஏன் மாறுகிறது என்ற என் பழைய எரிச்சலுக்கும் இங்கேதான் விடை கிடைத்தது: ‘கிங்’ உண்மையில் ‘காங்’ குடும்பத்துப் பிள்ளை; நிகழ்கால வடிவம்தான் வேறொரு வேரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

கிரிம் சகோதரர்களின் பேரகராதியையும் இதே தளத்தில் புரட்டலாம். 1854-இல் முதல் தொகுதி வெளியான அப்பணி 1961-இல்தான் முடிந்தது. ‘எஃப்’ எழுத்தில் ‘பழம்’ என்ற சொல்லருகே நின்றபோது 1863-இல் யாக்கோப் கிரிம் இறந்துவிட்டதால், ‘எஸ்’ எழுத்தில் வரும் நம் சொல்லைப் பிற்கால அறிஞர்களே எழுதினர். அதில் பெயர்ச்சொற்களும் சிற்றெழுத்தில் தொடங்குவது இன்றைய எழுத்துமுறைக்குப் பழகிய கண்களைச் (இன்று அவை பேரெழுத்தில் தொடங்கும்) சற்று உறுத்தும்.

சொல்லின் புழக்கம் 1600 முதல் ஏறி இறங்கியதைக் காட்டும் வரைபடம் பார்க்கச் சுவையானது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பச் செல்வது சொற்பிறப்புப் பகுதிக்கே.

விளக்கங்கள் யாவும் ஜெர்மனிலேயே இருப்பதால் புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். இடைநிலையைத் தாண்டியவர்கள்கூட, இடைக்கால மேல்ஜெர்மன் (ஜெர்மனின் பழைய வடிவம்), லத்தீன், நூற்றாண்டு ஆகியவற்றுக்கான சுருக்கக் குறிகளை முதலில் ஒரு தாளில் எழுதி அருகே வைத்துக்கொள்வது நல்லது.