ட்ரீம் தியேட்டரின் ‘ஸ்கோர்’: இரண்டாம் பாதிக்காகவே வாங்கலாம்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே கரையோர ரயில் போகும். ‘ஸ்கோர்’ டிவிடியைப் போட்டால் எனக்கு அந்தச் சத்தமே கேட்காது. 2006 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில், அமெரிக்க ப்ரொக்ரெசிவ் மெட்டல் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் 20ஆவது ஆண்டு நிறைவுக்காகப் படமாக்கிய கச்சேரி இது.

முதல் பாதியில் இசைக்குழு மட்டும்தான். நன்றாகவே இருக்கிறது. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்ததும் மேடையே வேறாகிவிடுகிறது. 40 நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘சிக்ஸ் டிகிரீஸ்’ பாடல் முழுவதையும் வாசிக்கிறார்கள். வயலின்கள் எழும்பும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

‘ஆக்டவேரியம்’ பாடலின் தொடக்கத்தை மட்டும் எத்தனை முறை பார்த்திருப்பேனோ. கீபோர்ட் வாசிக்கும் ஜோர்டன் ரூடெஸ், தனித்தனிக் கட்டைகள் இல்லாத கன்டினுவம் என்ற கருவியின் மேல் விரலை இழுக்க இழுக்க, சுரம் கமகம்போல வழுக்கிக்கொண்டு போகிறது. சின்ன வயதில் மிருதங்கம் பழகியவன் நான். டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாயின் கைகளைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டுப் பார்ப்பேன். கணக்கு மாறும் இடத்தைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்தான்.

ஒரே குறை கமெரா. ஜோன் பெட்ருச்சியின் கிட்டார் சோலோவில் விரல்களைக் கொஞ்சம் நிதானமாகக் காட்டியிருக்கலாம். சட்டென்று வேறு பக்கம் தாவிவிடுகிறது.

இரண்டாவது தட்டில் அவர்களுடைய வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படம் இருக்கிறது. கச்சேரியை முடித்துவிட்டு அதைப் பாருங்கள். டிவி ஸ்பீக்கர் போதாது, நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.