டர்பனில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. டீலரின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் செய்தது இங்கே பல இடங்களில் நடக்கிறது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் வந்து இறங்கினோம். இங்கே பள்ளிக்கூட வருஷமே ஜனவரியில்தான் தொடங்குகிறது, அதனால் மூச்சு விடக்கூட நேரமில்லை. கணவருக்கு அலுவலக வண்டி வந்துவிடும், காலை ஏழு மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மளிகை, மருந்து, பேங்க் எல்லாம் என் தலையில். மினிபஸ் டாக்ஸியில் போகப் பழகிக்கொண்டேன். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் டவுனுக்கு என்று அர்த்தம், பின் சீட்டிலிருந்து காசு கை மாறி மாறி முன்னால் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். உடன் வந்தவர்கள் எனக்கு நல்லபடியாகவே உதவினார்கள். ஆனால் வண்டி நிரம்பும் வரை புறப்படாது, புத்தகப் பையோடு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் அப்படிப் போக முடியவில்லை. போன் ஆப்பில் கார் கூப்பிட்டே முதல் மாதம் பெரிய தொகை கரைந்தது. அந்த அவசரத்தில்தான் கார் வாங்கப் போனோம்.

சாலையோரம் கொடி பறக்கவிட்டு, கண்ணாடியில் விலை எழுதி நிறுத்தியிருப்பார்களே, அப்படி ஓர் இடம். வண்டி 98,000 ராண்ட். அதற்கு மேல் 'ஆன் தி ரோட்' கட்டணம் என்று 6,500. ரோட்வொர்த்தி பரிசோதனை (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது), பெயர் மாற்றம், வண்டிக்கான லைசென்ஸ் எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். "எங்களிடம் பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கிறது, போதுமா?" என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். போதும் என்றார் விற்றவர். மொத்தப் பணத்தையும் அன்றைக்கே பேங்க் மூலம் அனுப்பிவிட்டோம்.

போதாது. இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டு அடையாள எண் இல்லாத வெளிநாட்டவர் பெயரில் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்றால் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்க வேண்டும். சுருக்கமாக டிஆர்என். அதற்குப் பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கு ஆதாரம், போட்டோ எல்லாம் கொண்டுபோய் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆனது. தினமும் கார் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை, சொன்னால் நாங்கள் பணத்தை நிறுத்தி வைத்திருப்போம்.

காரின் பழைய டிஸ்க், அதாவது முன் கண்ணாடியில் ஒட்டும் வண்டி லைசென்ஸ் வில்லை, காலாவதியாகியிருந்தது, அதனால் 21 நாள் தற்காலிக பெர்மிட் ஒன்றைப் பின் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார்கள். "அதற்குள் எல்லாம் வந்துவிடும்." வரவில்லை. போன் செய்தால் சிஸ்டம் வேலை செய்யவில்லை, பையன் லீவில் இருக்கிறான், நாளைக்கு. பக்கத்து வீட்டு அங்கிள் இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான், நடுவில் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை வரும். அவர்தான் ஒரு நாள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, "வாம்மா, இந்த பெர்மிட் தேதி முடிஞ்சுபோச்சே, டிஸ்க் எங்கே?" என்றார். அன்றைக்குத்தான் டிஆர்என் என்ற பெயரையே கேள்விப்பட்டோம். வண்டி அதுவரை பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்திருக்கிறது. டீலரிடம் கேட்டதற்கு, "இங்கே ஐடி உள்ள நண்பர் யார் பெயரிலாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்புறம் பதிவேட்டின்படி அது அவருடைய வண்டி.

இதற்கிடையில், வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை, சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஏற்றத்தில் கியர் பாக்ஸ் போய்விட்டது. சின்னவள் பின்னால் அழுகிறாள், எனக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. மெக்கானிக் சொன்ன செலவு 31,000 ராண்ட். டீலர் ஒப்பந்தத்தின் கடைசி வரியைக் காட்டினார்: 'ஃபுட்ஸ்டூட்ஸ்'. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம், இங்கே பழைய பொருள் விற்பனையில் சகஜமான ஆஃப்ரிகான்ஸ் வார்த்தை. கையெழுத்துப் போட்டீர்கள், முடிந்தது என்றார்.

முடியவில்லை. அந்த வார்த்தை தனி ஆளிடம் வாங்கும்போதுதான் நம்மைக் கட்டும். டீலரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 56-ஆவது பிரிவின்படி குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திரும்பத் தருவதா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு. ஆனால் குறிப்பிட்ட குறையை முன்கூட்டியே சொல்லி நாமும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் குறைக்கு இது செல்லாது. அதனால் கையெழுத்துக்கு நீட்டும் ஒவ்வொரு தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், அங்கேயே போடாதீர்கள்.

பிரிவு எண் போட்டுக் கடிதம் எழுதினோம், வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மேனிடம் போவோம் என்றும் எழுதினோம். பணத்தைத்தான் திரும்பக் கேட்டோம், தரவில்லை. ஏழு வாரம் இழுத்து கியர் பாக்ஸை மட்டும் அவர்கள் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பள்ளி, வீடு எல்லாவற்றையும் நினைத்து நாங்கள் அதோடு ஒப்புக்கொண்டோம், எனக்கு இன்னும் அதில் மனம் ஆறவில்லை. பெயர் மாற்றத்துக்கான ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், அவர்கள் தாமதத்தில் அது காலாவதியாகி, மறுபடி பரிசோதனைக்கும் லைசென்ஸ் அபராதத்துக்கும் நாங்கள்தான் கட்டினோம். அந்த 6,500-க்கு இன்றுவரை ரசீது இல்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். கட்டணத்தையும் அபராதத்தையும் கேட்டு அங்கேதான் போகப் போகிறோம்.

இன்னொன்று. ஊரில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம், இங்கே அப்படி இல்லை. பெட்ரோல் விலையிலேயே பிடித்துக்கொள்ளும் வரியில் சாலை விபத்து நிதி நடக்கிறது, அது ஆளுக்கு அடிபட்டால் மட்டும்தான், வண்டிச் சேதத்துக்குக் கிடையாது. நம் வண்டி மேல் இடிக்கிறவரிடம் இன்சூரன்ஸே இல்லாமல் போகலாம். அதனால் சாவி கைக்கு வரும் முன்பே நீங்கள் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள், கார் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவுப் பத்திரத்தில் 'டைட்டில் ஹோல்டர்', 'ஓனர்' என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் பேங்க் பெயர் இருந்தால் பழைய கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். வண்டியைப் பார்க்கப் போகும்போதே அந்தப் பத்திரத்தைக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். டிஆர்என் கைக்கு வரும் வரை வாடகைக் காரோ ஆப் காரோ போதும், செலவு உறுத்தும்தான், ஆனாலும் முழுப் பணத்தையும் பெயர் மாறும் முன் கொடுக்காதீர்கள்.

டீலருக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இதே நிலைமையில் யாராவது இருந்தால் கேளுங்கள், உங்கள் விவரத்தை நிரப்பிக்கொள்ளும்படி அனுப்பி வைக்கிறேன்.