ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்

விண்டோஸ் 10, உபுண்டு இரண்டையும் ஒரே மடிக்கணினியில் வைத்துச் சில ஆண்டுகளாகப் புழங்குகிறேன். நிறுவும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் தகராறு குழாயடியில்தான் வரும். இங்கும் அப்படித்தான், பொதுவில் புழங்கும் பொருள்களில்தான் இழுபறி.

முதலில் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். உபுண்டுவோ அதில் யுடிசி நேரத்தை, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தை, எழுதிவைக்கும். உபுண்டுவை மூடிவிட்டுக் காலை 10 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் 4.30 என்று காட்டும். சேமித்த கோப்புகளுக்கும் அதே விடியற்காலை முத்திரைதான். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்தபிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்தது வட்டு. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்கப் போவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் கணினியை அணைக்கிறது. அந்த நிலையில் இருக்கும் விண்டோஸின் வட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) உபுண்டு படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. அது நல்லதுக்குத்தான், மீறி எழுதினால் கோப்புகள் சிதையும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வேகமான எஸ்எஸ்டி வட்டு இருந்தால் கூடுதலாகும் சில நொடிகள் தெரியவே தெரியாது.

புளூடூத்தில் மட்டும் நான் கைகழுவிவிட்டேன். இரண்டு இயங்குதளங்களும் ஹெட்செட்டுக்கு ஒரே முகவரியைக் காட்டும். ஆனால் இணைக்கும்போது உருவாகும் ரகசிய எண்ணான இணைப்புச் சாவி வேறு வேறு. ஒன்றில் இணைத்தால் மற்றொன்றில் அறுந்துபோகும். ரெஜிஸ்ட்ரியிலிருந்து சாவியை எடுத்து உபுண்டுவில் ஒட்ட வழி உண்டு. அவ்வளவு மெனக்கெடுவதற்கு வயர் வைத்த ஹெட்செட்டே மேல்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. என் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, அதனால் 11க்கு முறைப்படி வழியில்லை. இப்போது அந்தப் பக்கம் இணைய இணைப்பே கிடையாது. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பக்கம் கோத்த பழைய கோப்புகளைத் திறக்க மட்டும் அங்கே போகிறேன். அதற்கு உபுண்டுவுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பக்கவடிவமைப்பு மென்பொருள் யூஎஸ்பியில் செருகும் உரிமப் பூட்டு இல்லாமல் திறக்காது. விர்ச்சுவல் மெஷினுக்குள் அந்தப் பூட்டு ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரிவதில்லை. அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் நாளில் அதனோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. பூட்டுத் தேவைப்படாதவர்கள், 16 ஜிபி நினைவகமும் இருந்தால், தாராளமாக விர்ச்சுவல் மெஷினுக்கே போகலாம்.