எழுபதா, எண்பதா? இயர்பட்ஸுடன் 18 மாதம்

இந்த இயர்பட்ஸை வாங்கி 18 மாதம் ஆகிறது. விலை 2,799 ரூபாய். வாங்கின மறுவாரமே எழுதியிருந்தால் "பாட்டு அருமை, பேஸ் அருமை" என்று நாலு வரியில் முடித்திருப்பேன். இரண்டு கத்திரி வெயில் போய், இரண்டாவது ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும் இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. நான் பார்த்த குறைகளில் பாதி இந்த விலையில் வரும் எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

என் பயன்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வீடு அம்பாசமுத்திரத்தில். வேலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். காலையில் பாசஞ்சர் பிடித்தால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் என்று நின்று நின்று ஜங்ஷன் வந்து சேரும். அங்கிருந்து பஸ்ஸில் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் ஆபீஸ். ரயிலில் பாட்டு, ஆபீசில் கடைக்காரர்களோடு பில் நம்பரும் ஜிஎஸ்டி தொகையும் சரிபார்க்கும் போன்கள், சாயங்காலம் திரும்பும்போது வீட்டுக்கு ஒரு போன். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் இது காதில் இருக்கிறது.

முதல் ஒரு வாரம் எனக்கு ஏமாற்றம்தான். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியே இல்லை, வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் போட்டாலும் ரயில் சத்தம் அப்படியே கேட்டது. கோளாறு ரப்பரில் இருந்தது. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கொடுத்திருந்தார்கள். நான் நடு அளவையே இரண்டு காதுக்கும் போட்டிருந்தேன். இடது காதுக்குச் சின்னதை மாற்றியதும் சட்டென்று வேறு பொருள் மாதிரி ஆகிவிட்டது. காது அடைபடாமல் சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி எல்லாம் அது வழியாகப் போய்விடும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டுக்கொண்டு வாயை நன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். அப்போதும் அசையாமல் அடைத்துக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் அளவு.

நாய்ஸ் கேன்சலேஷன் பற்றி நிறையப் பேர் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது ஒன்று. வெளிச் சத்தத்தை மைக்கில் எடுத்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உள்ளே கொடுப்பதுதான் அதன் வேலை. ஒரே சீராக, தாழ்ந்து ஒலிக்கும் சத்தத்தை அது நன்றாக அடக்கும். ரயில் ஓடும் உறுமல், ஆபீஸ் ஏசி, மின்விசிறி எல்லாம் குறைந்துவிடுகிறது. பக்கத்து சீட்டில் பேசுகிறவர்கள் குரல், குழந்தை அழுகை, முறுக்கு விற்கிறவர் கூப்பாடு, இதெல்லாம் கொஞ்சம் மங்குமே தவிரப் போகாது. எங்கள் தெருக் கோயில் கொடை விழாவுக்கு ராத்திரி ஸ்பீக்கர் கட்டினபோது இதைப் போட்டுக்கொண்டு தூங்கலாம் என்று பார்த்தேன். மேளத்தின் அதிர்வு போயிற்று, மற்றது எல்லாம் கேட்டது.

ஆனால் ரயிலில் இது செய்யும் உண்மையான உபகாரம் வேறு. முன்பு சாதா ஹெட்போனில் ரயில் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகப் போன் சத்தத்தை 15 படியில் 12 வரை ஏற்றுவேன். இப்போது 7, 8 போதும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தினமும் ரயிலில் போகிறவர்கள் கூடுதல் காசு கொடுக்க இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

பாட்டுக்கு வருகிறேன். சினிமாப் பாட்டு எதில் போட்டாலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. நான் சோதித்தது நல்ல மைக் வைத்துப் பதிந்த ஒரு வில்லுப்பாட்டில். குடத்தின் "தும்" அடியில் இருக்கும், வில்லில் கட்டின மணிகள் மேலே சிலுசிலுக்கும், நடுவில் பாடுகிறவர் குரல். மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த பட்ஸில் வாங்கின கோலத்தில் குடம்தான் எல்லாவற்றையும் மூடியது. ஆப்பின் ஈக்வலைசரில் போய்த் தாழ்ந்த ஒலிக்கான இரண்டு பட்டையையும் கொஞ்சம் இறக்கினேன். குரல் முன்னால் வந்தது, மணிகளும் தெளிந்தன. அதற்குப் பிறகு அந்த அமைப்பை நான் மாற்றவே இல்லை.

அப்புறம் நாகஸ்வரம். 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவுகளை, காருகுறிச்சி ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதே கேட்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம். அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே அந்தத் தோடியைக் கேட்டால் காலையில் வேறு எதுவும் வேண்டாம். பழைய பதிவுகளில் மேல் ஸ்தாயி காதைக் குத்தும் என்ற பயம் இருந்தது, இதில் குத்தவில்லை. எல்டிஏசி மாதிரி உயர்ந்த கோடெக் (ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் காலத்துப் பதிவில் அன்றைக்கு எவ்வளவு பிடிபட்டதோ அவ்வளவுதான் இருக்கும், எந்தக் கோடெக்கும் அதைக் கூட்டித் தராது.

கேம் விளையாடுவதில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வீடியோவில் உதடும் குரலும் ஒத்துப்போகிறது.

இனிமேல்தான் விஷயமே. வாங்கி இரண்டு மாதம் இருக்கும். மேலப்பாளையத்தில் ஒரு கடைக்கார அண்ணாச்சியிடம் பில் தொகைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. எழுவதா, எம்பதா?" என்றார். எனக்கு அவர் குரல் மணி மாதிரி கேட்டது. என் குரல் அவருக்கு எப்படிப் போகிறது என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்கு முந்தின வாரம் எண்பதாயிரம் வர வேண்டிய இடத்தில் எழுபதாயிரம் என்று ஒரு கணக்கு வந்து, அரை நாள் அதைத் தேடியிருந்தோம். அதுவும் போனில் வாசித்த கணக்குதான்.

அன்றைக்கு ராத்திரியே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து நான் இருக்கிற இடத்திலிருந்து போன் போட்டுப் பத்து எண் வாசிப்பேன். அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுபது, எண்பது, பதினேழு, பதினெட்டு என்று குழப்புகிற எண்களாகவே எடுத்துக்கொண்டேன். ஆபீசுக்குள் இருந்து வாசித்ததில் பத்தும் சரி. ஓடும் ரயிலில் சீட்டில் உட்கார்ந்து பேசினால் எட்டு, கதவுப் பக்கம் நின்றால் ஐந்து. ஜங்ஷன் பஸ் ஸ்டாப்பில் ஆறு. ஆடி மாதம் எங்கள் மொட்டைமாடியில் மூன்று. அதே மாடியில் பட்ஸைக் கழற்றிவிட்டுப் போனைக் காதில் வைத்து வாசித்தால் எட்டு. அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். கேட்காத இடத்தில் அம்மா ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். மாடித் தாளில் வரிசையாக ஏழு புள்ளி.

ஏன் இப்படி என்று பார்த்தால் காரணம் தெளிவாகத்தான் இருக்கிறது. நாய்ஸ் கேன்சலேஷன் என் காதுக்கு. எதிரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பலனும் கிடையாது. என் குரலைச் சுத்தம் செய்து அனுப்புவது மைக்கோடு சேர்ந்த இன்னொரு ஏற்பாடு. விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மைக் இருப்பது காதோரம், வாயிலிருந்து அரைச் சாண் தூரம். சுற்றிலும் சத்தம் கூடினால், எது குரல் எது சத்தம் என்று பிரிக்கப்போய்க் குரலிலும் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. வெட்டுப்படுவது பெரும்பாலும் மெல்லிய மெய்யெழுத்துகள்தான். எழுபதில் ழுவும் எண்பதில் ண்ணும் கரைந்தால் மிச்சம் ஒரே சொல். இது போதாதென்று, போன் பேசும்போது ப்ளூடூத் வேறொரு முறைக்கு மாறிவிடும். பாட்டின் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எடுக்கிறது என்றால் பேச்சுக்கு 16,000, பழைய முறையில் 8,000தான்; இது குறையக் குறையத் தெளிவும் குறையும்.

இன்னொன்று, பெண்கள் யாரும் எழுதி நான் பார்க்காதது. "ஏட்டி, டக்கு டக்குனு என்னமோ அடிக்குதே" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு நான் போட்டிருந்தது ஜிமிக்கி. தலை திரும்பும்போதெல்லாம் அது பட்ஸின் தண்டில் தட்டுகிறது. மைக் இருப்பதும் அந்தத் தண்டின் நுனியில்தான். எனக்கு லேசாகக் கேட்பது அவளுக்குக் கதவைத் தட்டுவது போலக் கேட்டிருக்கிறது. பூ வைக்கும்போதும் முந்தானையைச் சரிசெய்யும்போதும் கை பட்டு அழைப்பு துண்டிப்பது தனி. ஆப்பில் டச்சை முழுக்க நிறுத்திவிட்டேன். வேலைக்குப் போகிற நாளில் கல் வைத்த சின்னக் கம்மல்தான்.

காற்றுக்கு இதில் பதிலே இல்லை. போன ஆடியில் பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலை யார்டுக்கு ஸ்டாக் சரிபார்க்கப் போயிருந்தோம். கணவாய் வழியாக வரும் காற்று அங்கே ஆளையே தள்ளும். நாய்ஸ் கேன்சலேஷன் போட்டால் சத்தம் குறைவதற்குப் பதிலாக உள்ளே தடதடவென்று புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. வெளி மைக்கின் துளையில் காற்று மோதிச் சுழல்வதுதான் காரணம். அதை எதிர்க்கப் போய் இவனே சத்தம் போடுகிறான். காற்றில் அதை நிறுத்திவிடுவதே நல்லது.

பேட்டரிதான் இரண்டாவது வருத்தம். பெட்டியில் 7 மணி நேரம் என்று போட்டிருந்தது, அது நாய்ஸ் கேன்சலேஷன் இல்லாமல். போட்டுக் கேட்டால் புதிதில் 5 மணி நேரம் வந்தது. இப்போது வலதில் 4 மணி 20 நிமிடம், இடதில் 3 மணி 10 நிமிடம். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவைதான். ஆபீசில் வலது காதை மேஜைப் பேச்சுக்கு விட்டுவிட்டு, போனுக்கு எப்போதும் இடதை மட்டும் போட்டேன். அதனால் அது இரண்டு மடங்கு சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது. ஒற்றைக் காதில் பேசுகிறவர்கள் நாள் விட்டு நாள் காதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றை பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு 40, 50 எம்ஏஎச்தான். இன்றைய போனில் 5,000. இவ்வளவு சின்னது சீக்கிரம் தேயும்.

நான் செய்த தப்பும் உண்டு. முதல் கோடையில் ரயில்வே ஸ்டேஷனில் நிறுத்தும் ஸ்கூட்டியின் சீட்டுக்கடியில், பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் கேஸைப் போட்டுவிட்டுப் போன நாட்கள் பல. முழுச் சார்ஜில், மே மாத வெயிலில், மூடின பெட்டிக்குள். லித்தியம் பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. வாரண்டி ஒரு வருடம். அது முடிந்து 13-ஆவது மாதத்தில் சர்வீஸுக்குக் கேட்டேன். பேட்டரி மாற்ற முடியாது, ஒற்றைக் காது தனியாக விற்பதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒட்டி மூடிய பொருள், திறந்தால் உடையும் என்பது புரிகிறது. இருந்தாலும் நன்றாக இருக்கும் ஒரு காதையும் ஒரு கேஸையும் சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்வது எனக்கு மனசு ஒப்பவில்லை.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அதுவும் பட்ஸ் மட்டும்; கேஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குற்றாலச் சாரலில் நனைந்ததை அப்படியே கேஸில் வைத்து மூடினேன். நாலு நாளில் உள்ளே இருக்கும் ஊசி முனைகளில் பச்சை பூத்து, வலது சார்ஜ் ஏறவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் சரியாயிற்று. இன்னொரு முறை வலது காதில் சத்தமே குறைந்துபோனது. போன் டார்ச்சில் பார்த்தால் வலைத்துளையில் மஞ்சளாக அழுக்குப் படலம். வலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, மெல்லிய பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டியதும் சத்தம் திரும்பி வந்தது. ரப்பரை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுகிறேன். காது அரிப்பு நின்றதும் அதற்குப் பிறகுதான்.

ஸ்கூட்டியில் ஒரு நாளும் போட்டதில்லை. பிளாட்பாரத்தில் நடக்கும்போதும் கழற்றிவிடுவேன். தண்டவாளத்தைத் தாண்டிக் குறுக்கே போகிற பிள்ளைகள் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

போன வாரம் ஆபீஸ் தோழி ஒருத்திக்கு இயர்பட்ஸ் வாங்கக் கடைக்குப் போனோம். அவள் பார்த்து வைத்திருந்தது விலை கூடினது. கடைக்காரர் இன்னொன்று காட்டினார்: 1,500 ரூபாய், நாய்ஸ் கேன்சலேஷன் கிடையாது, தண்டு மட்டும் நன்றாக நீண்டு மைக் தாடைப் பக்கம் இறங்கியிருந்தது. அவளுக்கு ரயில் பயணம் இல்லை, போன் பேச்சுதான் வேலை. கடைக்குள் நின்று பேசினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும் என்று வாசலுக்கு வந்தோம். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரம். புது ரப்பர் ஒன்று மாட்டித் தரச் சொல்லி நானே காதில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் விலை கூடினதில் பத்து எண், அப்புறம் இதில் பத்து எண். முதலாவதில் இரண்டு தப்பியது. இரண்டாவதில் பத்தையும் திருப்பிச் சொல்லிவிட்டு அம்மா கேட்டாள்:

"இது யாருதுட்டி? ஒன்னதவிட நல்லாக் கேக்கே."