ஆப்பா, பிரவுசரா? பாம்பன் பாலத்தை இரண்டு முறை செய்த அனுபவம்

கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் செய்த ஏஆர் (போன் கேமராவில் தெரியும் காட்சியின் மேல் கணினி உருவத்தை நிற்க வைப்பது) வேலைகள் மூன்று. பாம்பன் பழைய பாலம் ஓர் அட்டையின் மேல் திறப்பது முதலாவது. தனுஷ்கோடி மணலில் ஒரு ரயிலை நிறுத்துவது இரண்டாவது. மன்னார் வளைகுடா உயிர்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் அட்டைகள் மூன்றாவது. முதல் இரண்டையும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஆப்பாகச் செய்தேன். மூன்றாவதை பிரவுசரிலேயே ஓடும்படி செய்தேன். அதன் பிறகு பாலத்தையும் பிரவுசருக்கு மாற்றிவிட்டேன். "எதுலக்கா ஆரம்பிக்கிறது?" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். அட்டை, சுவர்ப்படம், புத்தகப் பக்கம் என்று ஏதாவது ஒரு படத்தின் மேல் உருவம் எழ வேண்டும் என்றால் பிரவுசர். வெறும் தரையில் ஒரு பொருளை நிறுத்த வேண்டும் என்றால் இன்றைக்கும் ஆப்.

இன்ஸ்டாகிராம் ஃபில்டராகச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா, ஃபில்டர் செய்ய உதவிய தன் ஸ்பார்க் கருவியை 2025 ஜனவரி 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. வெளியார் செய்து வைத்திருந்த எஃபெக்டுகளும் அன்றோடு எடுக்கப்பட்டன. ஸ்னாப்சாட்டின் லென்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது. அதை நான் இரண்டு மாலைகள்தான் தொட்டுப் பார்த்தேன், அதை வைத்துக் கருத்து சொல்வது சரியாகாது.

ஆப் வழியில் நான் பயன்படுத்தியது யூனிட்டியும், தரையையும் படத்தையும் கண்டறியும் கூகுளின் ஏஆர்கோரும். பிரவுசர் வழியில், படத்தை அடையாளம் காணும் மைண்ட்ஏஆரும் முப்பரிமாண உருவத்தைக் காட்டும் ஏ-ஃப்ரேமும். இவை இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல நூலகங்கள், அதாவது எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள். அழகு, வேகம், நிழல் விழும் நேர்த்தி எல்லாவற்றிலும் ஆப் ஒரு படி மேல். அதில் சந்தேகமே இல்லை.

எந்த வழியில் போனாலும் படும் பாடு ஒன்று உண்டு. பாலத்தின் புகைப்படத்தையே அட்டையாக அச்சடித்தேன். கேமரா அதைப் பிடிக்கவே இல்லை. பாதி வானம், கால்வாசி கடல், மிச்சம் ஒரே மாதிரி இரும்புச் சட்டங்கள். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் மென்பொருள் படத்தை அடையாளம் காணும். கோலம் போட்டுப் பார்த்தேன். அதுவும் நாலு பக்கமும் ஒன்று போல இருப்பதால் உருவம் தலைகீழாக எழுந்தது. கடைசியில் என் தம்பி மையில் வரைந்த படம் கைகொடுத்தது. ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கும் வத்தைப் படகு, இன்னொரு மூலையில் வலைக் குவியல், நடுவில் பாலம், மேலே இரண்டு காக்கை. பளபளக்கும் லேமினேஷன் போட்டதும் தப்பு. பதினோரு மணி வெயிலில் அட்டை கண்ணாடியாகிவிடுகிறது. மேட் லேமினேஷன் கேட்டு வாங்குங்கள்.

பாலத்தை அசைய வைத்ததிலும் ஒரு பாடம் கிடைத்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி ஷெர்சர் வகை. பாலம் பயன்பாட்டில் இருந்தவரை, கப்பல் வரும்போது அது இரண்டு சிறகுகளாகப் பிரிந்து மேலே எழும். நான் கதவின் கீல் மாதிரி ஒரே புள்ளியில் அதைச் சுழலவிட்டிருந்தேன். பாம்பனில் டீக்கடை வாசலில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கதவு மாதிரி தூக்காது தாயி. உருண்டு பின்னால போயிக்கிட்டே எந்திரிக்கும்" என்றார். டம்ளரை மேசையில் சாய்த்து, அதன் அடிவிளிம்பிலேயே உருட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கைநெம்புகோலைச் சுற்றித்தான் திறப்பார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அடியில் வளைந்த பகுதி உருளும்படி மாற்றினேன். பிறகு 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தையும் பக்கத்தில் சேர்த்தேன். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி பிரியாமல் அப்படியே நேராக மேலே போகும். இரண்டும் அடுத்தடுத்து அசையும்போது பிள்ளைகளுக்கு வித்தியாசம் உடனே புரிந்துவிடுகிறது.

இந்தத் திருத்தத்தின்போதுதான் ஆப்பா பிரவுசரா என்ற கேள்வி எனக்குத் தீர்ந்தது. முதல் வடிவத்தை ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டில் ஆப்பை ஏற்றும் கோப்பு) வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே நாற்பது பேருக்கு மேல் அனுப்பியிருந்தேன். திருத்தியதை மறுபடி அனுப்ப வேண்டும். இடையில் லேப்டாப் கெட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தேன். ஆப் என்னுடையதுதான் என்று காட்ட அதில் கையொப்பம் இடும் சாவிக் கோப்பும் அதோடு போய்விட்டது. சாவி மாறினால் பழைய ஆப்பின் மேல் புதியது ஏறாது. ஒவ்வொருவரும் பழையதை நீக்கிவிட்டுப் போட வேண்டும். பாதிப் பேர் செய்யவில்லை. போன் மாற்றிய நண்பனுக்கு வேறு சிக்கல். அவசரத்தில் ஆப்பைப் பழைய 32 பிட் முறைக்கு மட்டும் கட்டியிருந்தேன். அவனுடைய புதுப் போன் 64 பிட் ஆப்புகளை மட்டுமே ஏற்கும். பிராஜெக்டைப் புதிய யூனிட்டியில் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். இத்தனைக்கும் பாலத்தில் மாறியது ஒரே ஓர் அசைவு.

பிளே ஸ்டோரில் போட்டிருக்கலாமே என்பார்கள். 25 டாலர் ஒருமுறைதான், அது பெரிய விஷயமில்லை. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் 12 பேரைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைக்க வேண்டும். ஆட்களைப் பிடித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆப்பை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். விட்டுவிட்டால் புதிய போன் வாங்கியவர்களுக்கு அது ஸ்டோரில் தென்படாது. ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு இதை யார் செய்வார்கள்?

கடல் உயிர் அட்டைகளில் இந்தக் கவலை எதுவும் இல்லை. ஆவுளியா (கடல்பசு) அட்டையில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. டீச்சர் போன் செய்து சொன்னார். உச்சிப்புளி தாண்டும் பஸ்ஸிலேயே, கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தினேன். மண்டபத்தில் இறங்குவதற்குள் சரியாகிவிட்டது. யாரும் எதையும் நீக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

போனில் இடம் என்பதும் பராமரிப்பில்தான் சேரும். தங்கச்சிமடத்தில் ஒரு பையன் அப்பாவின் போனில் என் பழைய ஆப்பை ஏற்றப் பார்த்தான். இடம் போதவில்லை என்று வந்தது. எதையாவது அழிக்கச் சொன்னான். அப்பா ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்: அக்கா கல்யாணம், மீன்பாடு வீடியோ, புயல் எச்சரிக்கை வந்த அன்று எடுத்தது. எதையும் அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. என் ஆப் 90 எம்பி. இப்போது பிரவுசரில் ஆவுளியா உருவம் வந்து இறங்குவது 2 எம்பி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்தின் வலைக் கண்ணிகளைக் குறைத்து, அதன் மேல் ஒட்டும் தோல் படத்தைச் சுருக்கியதால் வந்த அளவு. இன்னொன்று, ஏஆர்கோர் எல்லாப் போனிலும் ஓடாது. அதற்கென்று அங்கீகரித்த பட்டியல் உண்டு, விலை குறைந்த போன்கள் பல அதில் இல்லை. படத்தின் மேல் உருவம் காட்ட மைண்ட்ஏஆருக்கு கேமராவும் ஓரளவு புதிய பிரவுசரும் போதும்.

பிரவுசரிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நூலகக் கோப்பை வெளி முகவரியிலிருந்து இழுக்காதீர்கள், பதிப்பைக் குறித்துக்கொண்டு உங்கள் கோப்புறையிலேயே வையுங்கள். தள முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்காவிட்டால் கேமரா திறக்காது. கியூஆர் கோடு விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். ஓர் இலவசத் தளத்தில் எடுத்த கோடு அவர்கள் முகவரி வழியாகச் சுற்றிப் போனது. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்டு நின்றுவிட்டது. அச்சடித்த அறுபது அட்டையும் வீண். முகவரியை நேராகவே தாங்கும் கோடாக எடுங்கள்.

தனுஷ்கோடிக்கு வருகிறேன். அங்கே நான் ஆப்பை விடவில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்கு முன்பு போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். இடிந்த நிலையத்தின் அருகே அந்த ரயில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அங்கே சிக்னலை நம்ப முடியாது, ஆப் இணையம் இல்லாமலே ஓடும். தரையைக் கண்டுபிடித்து, நாம் சுற்றி நடந்தாலும் ரயிலை அதே இடத்தில் வைத்திருப்பதில் ஏஆர்கோர் கெட்டி. அதற்கும் உச்சிவெயிலில் வெறும் வெள்ளை மணல் பிடிபடாது. காலை ஏழு மணிக்கு, காலடித் தடமும் சிப்பித் துண்டும் நிழல் விழுந்து கிடக்கும்போது உடனே பிடிக்கும். ஆண்ட்ராய்டு குரோமில், வெப்எக்ஸ்ஆர் என்ற பிரவுசர் ஏஆர் வசதி வழியாகவும் தரையில் நிறுத்தலாம், ஆனால் ஐபோன் சஃபாரியில் அது இல்லை. ஐபோனில் என் அனுபவமே குறைவுதான். அட்டைகளை இரண்டே ஐபோன்களில் பார்த்தேன், இரண்டிலும் ஓடியது, ஒன்றில் சூடு ஏறியது. அதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது கீழக்கரைச் சங்கு அட்டைகள். அது பிரவுசர்தான். பள்ளிச் சுவரில் ஒட்டிய ஆவுளியா அட்டை உப்புக்காற்றில் வெளுக்கத் தொடங்கிவிட்டது, ரொம்ப வெளுத்தால் கேமரா பிடிக்காது. அச்சுக் கோப்பை டீச்சரின் போனில் ஏற்றி, எந்த அளவில் எடுக்க வேண்டும் என்று அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவரே ராமநாதபுரத்தில் நான்கு பிரதி எடுத்து ஒட்டிவிட்டுப் படம் அனுப்பினார்.