யுகாஸ் கட்டுரையும் காமன் ஆப் கட்டுரையும்: ஒன்றை வெட்டி இன்னொன்று ஆக்கலாமா?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு யுகாஸ் (UCAS), அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குக் காமன் ஆப் (Common App) என்று இரண்டு பொது விண்ணப்பத் தளங்கள் உண்டு. இரண்டு நாட்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலர் ஒரே கட்டுரையை அங்கங்கே வெட்டி ஒட்டி இரண்டு பக்கமும் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு வரைவைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும். இரண்டு இடத்திலும் கேட்கிற கேள்வியே வேறு.

காமன் ஆப் கேட்பது, "நீ யார்?" 250 முதல் 650 வார்த்தைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏழு தலைப்புகள் தருகிறார்கள். அதில் ஒன்று நம் விருப்பத்துக்கே விட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சேர்ந்த பிறகுதான் முதன்மைப் பாடத்தை முடிவு செய்வார்கள். அதனால் கட்டுரையில் பாடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டிய கதையே போதும், அதில் உங்கள் மனசு தெரிந்தால்.

யுகாஸ் கேட்பது, "இந்தப் பாடத்தை ஏன் படிக்க வேண்டும், அதற்கு எப்படித் தயாரானாய்?" அங்கே முதல் நாளிலிருந்தே அந்தப் பாடம்தான். பல துறைகளில் அதை நடத்தும் ஆசிரியர்களே விண்ணப்பத்தை வாசிக்கிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை போய், மூன்று கேள்விகள் வந்துவிட்டன: ஏன் இந்தப் பாடம், பள்ளிப் படிப்பு எப்படி உதவியது, வெளியே வேறு என்ன செய்தாய். இடைவெளி உட்பட மொத்தம் 4000 எழுத்து. ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் இதே பதில்தான் போகும். ஒரு பல்கலைக்கழகத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் மற்ற நான்கும் அதைப் படிக்கும்!

"சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிரியல் மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்காத வரைவு அபூர்வம். அதை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "ஈஸ்ட் கரைசலைச் சூடாக்கச் சூடாக்கக் குமிழ்கள் வேகமாக வந்தன, 60 டிகிரியில் அடங்கிப்போயின. ஆறவைத்தும் திரும்பவில்லை. ஏன் என்று தேடப் போய்த்தான் நொதிகளின் வடிவத்தைப் பற்றிப் படித்தேன்." ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வாசிக்கிற ஆசிரியருக்கு இந்தப் பிள்ளையிடம் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றும்.

எதை முதலில் எழுதுவது? என் கட்சி யுகாஸ்தான். செய்ததையும் படித்ததையும் அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். அப்படி எடுத்துப் போட்டவற்றில் ஒன்று கதையாக விரியும். அதை வைத்துக் காமன் ஆப் கட்டுரையைப் புதிதாகவே எழுதலாம். எதிர்த்திசையில் போனால் சிரமம். 650 வார்த்தைக் கதையில் பாதி காட்சி வர்ணனைதான் இருக்கும். மூன்று கேள்விகளில் எதற்கும் அது பதிலாகாது.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மன்றச் செயலாளர், அணித் தலைவர் என்று பதவிகளை அடுக்காதீர்கள். அந்தப் பொறுப்பில் சிக்கலான ஒரு நாளை எடுத்து, அன்று என்ன முடிவெடுத்தீர்கள், அது இந்தப் படிப்புக்கு எப்படிக் கைகொடுக்கும் என்று எழுதுங்கள்.